குடலைக் குறிவைத்து எம்.எஸ். நோய்க்குச் சிகிச்சை: எந்த வழி யாருக்கு?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.; உடலின் நோயெதிர்ப்பு செல்களே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்த சில வாரங்களுக்குள் பலரும் ஒரே முட்டுச்சந்தில் வந்து நிற்கிறார்கள். நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்தைத் தாமதிக்காமல் தொடங்க வேண்டும் என்கிறார் மருத்துவர். நோயின் வேர் குடலில் இருக்கிறது, அதைச் சரிசெய்தால் மூளை தானே ஆறும், அதற்குள் கடுமையான மருந்து எதற்கு என்கிறார்கள் சுற்றியிருப்பவர்கள். இரண்டாவது பேச்சில் ஓரளவு உண்மை கலந்திருக்கிறது. தேர்வைக் கடினமாக்குவதும் அதுதான். முழுப் பொய்யாக இருந்தால் ஒதுக்கிவிடலாம். பாதி உண்மையை எடைபோட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதன்மையாக எம்.எஸ். நோயாளிகளையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். குரோன் நோய் (ஒரு குடல் அழற்சி நோய்), சீலியாக் நோய் (கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்), பார்க்கின்சன் நோய் ஆகியவை அந்தத் தேர்வுக்கு வெளிச்சம் தரும் இடங்களில் மட்டும் வரும்.

குடலின் செல்கள் மூளைக்கு வருவது எப்படி

உடலின் நோயெதிர்ப்பு செல்களில் மிகப் பெரிய கூட்டம் குடலில் குடியிருக்கிறது. உணவோடும் எண்ணற்ற நுண்ணுயிர்களோடும் நாள் முழுதும் பழக வேண்டிய இடம் என்பதால், எதைத் தாக்குவது, எதைப் பொறுத்துக்கொள்வது என்ற பாடத்தைச் செல்கள் பெருமளவில் அங்கேயே கற்கின்றன. சிறுகுடல் சுவரிலுள்ள பேயர் திட்டுகளிலும் குடலையொட்டிய நிணநீர்க் கணுக்களிலும் இருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் (மற்ற நோயெதிர்ப்பு செல்களுக்குப் பாடம் சொல்லும் செல்கள்), வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினோயிக் அமிலத்தை உண்டாக்கி, தம்மிடம் வரும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களின் மேற்பரப்பில் ஆல்ஃபா-4 பீட்டா-7 என்ற புரதம் தோன்றச் செய்கின்றன. அந்தப் புரதம் ஒரு விலாசச் சீட்டைப் போன்றது: இரத்தத்தில் சுற்றிவரும் செல், குடலின் இரத்தக் குழாய்ச் சுவரில் அதற்குப் பொருந்தும் புரதத்தைக் கண்டதும் அங்கே இறங்கிவிடுகிறது. மூளைக்குள் நுழையும் செல்களிடம் இருப்பது ஆல்ஃபா-4 பீட்டா-1 என்ற வேறொரு சீட்டு. இரண்டிலும் ஆல்ஃபா-4 என்ற பாதி பொது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளைப் பற்றிப் பேசும்போது இது மிகவும் தேவைப்படும்.

மூன்று வகைச் செல்கள் நம் கேள்விக்கு முக்கியமானவை. இன்டர்லூக்கின்-17 என்ற வேதிச் செய்தியைச் சுரக்கும் டிஹெச்-17 செல்கள், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைச் சிதைக்கும் அழற்சியில் பங்குகொள்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அந்த அழற்சியை அடக்குகின்றன. ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் குடலின் உட்சுவரைக் காவல் காக்கின்றன.

சுண்டெலிகளின் சிறுகுடலில் ஒரே ஒரு வகை இழை பாக்டீரியா குடியேறினாலே டிஹெச்-17 செல்கள் பெருகுகின்றன என்று 2009இல் தெரியவந்தது. எம்.எஸ். போன்ற நோய் தானாகவே வரும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளை நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்தால் அந்த நோய் வருவதில்லை என்று ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். இருவரில் ஒருவருக்கு மட்டும் எம்.எஸ். உள்ள 34 ஒருகரு இரட்டையர் ஜோடிகளைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நோயுள்ளவரின் குடல் நுண்ணுயிர்களைப் பெற்ற சுண்டெலிகளுக்கே நோய் அதிகமாக வந்தது. அதே ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள், நோய் தீவிரமாக இயங்கிக்கொண்டிருந்த எம்.எஸ். நோயாளிகளின் சிறுகுடலில் டிஹெச்-17 செல்கள் மிகுந்திருப்பதைத் திசு எடுத்துப் பார்த்தே கண்டார்கள். ஆகவே குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

ஆனால் குடல் மட்டுமே காரணம் என்று சொல்ல இடமில்லை. அமெரிக்க ராணுவத்தினர் 1 கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பயன்படுத்தி 2022இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. மரபணு, வைரஸ், புகைபிடித்தல், வைட்டமின் டி குறைவு என்று பல இழைகள் முறுகியே இந்த நோய் உருவாகிறது. குடல் அவற்றுள் வலுவான ஓர் இழை.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல்: இந்த வழி, இதே நோயுள்ள மனிதர்களிடம், ஒப்பீட்டுக் குழுவோடு சோதிக்கப்பட்டிருக்கிறதா? மறுதாக்குதல் (அறிகுறிகள் மீண்டும் கிளம்புவது) குறைந்தது, நடை காப்பாற்றப்பட்டது, எம்.ஆர்.ஐ. படத்தில் புதிய புண்கள் தோன்றவில்லை என்பவை நோயாளிக்குப் பயன்படும் விடைகள். இரத்தத்தில் ஏதோ ஒரு செல் கூடியது என்பது ஆய்வாளருக்குப் பயன்படும் தகவல். அதுவே நோயாளிக்கான விடையாகிவிடாது.

இரண்டாவது: அது தொடும் செல் உடலில் வேறு என்ன வேலை செய்கிறது? மூன்றாவது: வேண்டாம் என்று நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா, எவ்வளவு நாளில்? நான்காவது மறைமுகச் செலவு. நான் அதில் பணத்தைவிடக் காலத்தையே முதலில் வைக்கிறேன். எம்.எஸ். நோயில் தொடக்க ஆண்டுகளில் இழக்கும் நரம்பிழைகள் பிற்பாடு எந்தச் சிகிச்சையாலும் மீள்வதில்லை. ஒரு வழியைச் சோதித்துப் பார்க்கக் கழியும் ஓராண்டு, அந்த வழி தீங்கற்றதாக இருந்தாலும், இலவசமாகக் கிடைத்த ஆண்டு ஆகாது.

இந்த நான்கும் சம எடை கொண்டவை என்று நான் கருதவில்லை. முதலாவதுக்கே பாதி எடை தருகிறேன். அதற்கான காரணம் அடுத்த பகுதியிலேயே விளங்கும்.

வழி 1: செல்களின் நடமாட்டத்தையும் எண்ணிக்கையையும் மாற்றும் மருந்துகள்

நாட்டலிசுமாப் என்ற மருந்து மேலே சொன்ன ஆல்ஃபா-4 பாதியின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மூளைச் சீட்டு, குடல் சீட்டு இரண்டுமே செல்லாததாகிவிடுவதால் செல்கள் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. எம்.எஸ். நோய்க்கும் குரோன் நோய்க்கும் ஒரே மருந்து பயன்படுவதன் காரணம் இதுதான். இரண்டாண்டுகள் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்துப்போலி (மருந்தில்லாத போலி மருந்து) பெற்றவர்களை நோக்க, இதைப் பெற்றவர்களுக்கு முதலாண்டில் மறுதாக்குதல் விகிதம் 68 சதவீதமும் ஊனம் கூடும் ஆபத்து இரண்டாண்டுகளில் 42 சதவீதமும் குறைந்தன. முதல் அளவுகோலில் இது மிக உயர்ந்த இடத்தில் நிற்கிறது.

இரண்டாவது அளவுகோலில் அதற்கு ஒரு கடுமையான குறை உண்டு. மூளைக்குள் காவலுக்குப் போக வேண்டிய செல்களும் தடுக்கப்படுவதால், பெரும்பாலோரின் உடலில் அடங்கிக் கிடக்கும் ஜேசி வைரஸ் சிலரிடம் மூளையைத் தாக்குகிறது. பிஎம்எல் எனப்படும் அந்த நோய் உயிரைப் பறிக்கலாம், பிழைத்தவரிடம் பெரும் ஊனத்தை விட்டுச்செல்லலாம். 2004இல் அனுமதிக்கப்பட்ட மருந்து 2005இல் இதனாலேயே திரும்பப் பெறப்பட்டு, கடுமையான கண்காணிப்பு விதிகளோடு 2006இல் மீண்டும் வந்தது. ஜேசி வைரஸுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா, முன்பு வேறு நோயெதிர்ப்பு அடக்கி மருந்து எடுத்ததுண்டா, சிகிச்சை இரண்டாண்டுகளைத் தாண்டுகிறதா என்ற மூன்று கேள்விகளே ஆபத்தைக் கணிக்கின்றன. எதிர்ப்பொருள் இல்லாதவருக்கு ஆபத்து மிகக் குறைவு. மூன்றாவது அளவுகோலிலும் எச்சரிக்கை தேவை: மாற்று மருந்தில்லாமல் இதை நிறுத்தினால், தடுத்து வைக்கப்பட்டிருந்த செல்கள் சில மாதங்களுக்குள் மூளைக்குப் பாய்ந்து, சிலருக்கு நோய் முன்பைவிட வேகமாகக் கிளம்புகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மருந்து என்பதால், வேலை, பயணம் எல்லாம் அந்த நாட்காட்டிக்குள் அடங்க வேண்டியிருக்கும்.

2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒக்ரெலிசுமாப் வேறு வழியில் போகிறது. சிடி-20 என்ற குறி தாங்கிய பி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களை அது நீக்குகிறது. முந்தைய தலைமுறை மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டாவோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் மறுதாக்குதல் விகிதம் அதைவிட 46 சதவீத அளவுக்குக் குறைந்தது. பி செல்களின் அடுத்த நிலையான பிளாஸ்மா செல்கள் சிடி-20 குறியைத் தாங்குவதில்லை. ஆகவே குடலில் ஏற்கெனவே குடியேறிய ஐஜிஏ காவலர்கள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள். இது சிறு நுணுக்கம் போலத் தோன்றும். அதன் எடை அடுத்துவரும் அட்டவணையில் தெரியும். முதல் மருந்தளவுக்கு முன் ஹெப்படைடிஸ்-பி பரிசோதனை கட்டாயம். தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் பிறகு அவை போதிய பலன் தருவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல எதிர்ப்பொருள் அளவு தாழ்ந்து, மூச்சுக்குழாய்த் தொற்றுகள் கூடலாம். அரிதாகச் சிலருக்குப் பெருங்குடல் அழற்சி வந்திருக்கிறது. எனவே இந்த மருந்தில் இருப்பவருக்கு நிற்காத வயிற்றுப்போக்கு வந்தால் ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடக் கூடாது.

குடல் செல்களை அடக்கினால் மூளைக்கு நல்லது என்ற எளிய கணக்கு ஏன் செல்லாது என்பதை, இரு உறுப்புகளின் நோய்களிலும் சோதிக்கப்பட்ட மருந்துகளே சொல்லட்டும்.

| மருந்து குறிவைப்பது | குடல் அழற்சி நோய்களில் | எம்.எஸ். நோயில் |
|---|---|---|
| ஆல்ஃபா-4 (நாட்டலிசுமாப்) | குரோன் நோயில் பலன் உண்டு | வலுவான பலன் உண்டு |
| ஆல்ஃபா-4 பீட்டா-7 மட்டும் (வெடோலிசுமாப்) | பலன் உண்டு. 2014இல் அனுமதி | சிகிச்சையாகப் பயன்படுவதில்லை |
| டிஎன்எஃப் என்ற அழற்சிச் செய்தி | பலன் உண்டு | 1999இல் வெளியான, லெனர்செப்ட் என்ற மருந்தின் ஆய்வில் மறுதாக்குதல்கள் கூடின |
| இன்டர்லூக்கின்-12, 23 (உஸ்டெகினுமாப்) | பலன் உண்டு | 2008இல் வெளியான ஆய்வில் பலன் இல்லை |
| இன்டர்லூக்கின்-17ஏ (செக்குகினுமாப்) | 2012இல் வெளியான குரோன் ஆய்வில் பலன் இல்லை, பாதகங்கள் கூடின | சிறிய ஆய்வில் எம்.ஆர்.ஐ. புண்கள் குறைவதற்கான அறிகுறி |
| பிளாஸ்மா செல்களை வாழவைக்கும் சமிக்ஞைகள் (அட்டாசிசெப்ட்) | இங்கே பொருந்தாது | மறுதாக்குதல்கள் கூடியதால் 2009இல் ஆய்வு நிறுத்தப்பட்டது |

கடைசி இரண்டு வரிசைகளில் சற்று நிற்க வேண்டும். இன்டர்லூக்கின்-17 மூளையில் கேடு செய்யும் செய்தி. குடலில் அதே செய்தி உட்சுவரின் இணைப்புகளை இறுக்கமாக வைத்திருக்கவும் பூஞ்சைகளைக் கட்டுக்குள் வைக்கவும் உதவுகிறது. அதனால்தான் அதை முடக்கியபோது குரோன் நோயாளிகள் துன்பப்பட்டார்கள். அட்டாசிசெப்ட் கதை அதைவிட ஆழமானது. பி செல்கள் எம்.எஸ். நோயில் கெடுதல் செய்கின்றன என்ற சரியான எண்ணத்தில்தான் அந்த மருந்து சோதிக்கப்பட்டது. ஆனால் அது பிளாஸ்மா செல்களையும் குறைத்தது, நோயாளிகளுக்கு நோய் கூடியது. குடலில் உருவான ஐஜிஏ பிளாஸ்மா செல்கள் மூளைக்குப் பயணித்து, இன்டர்லூக்கின்-10 என்ற அமைதிச் செய்தியைச் சுரந்து அழற்சியைத் தணிக்கின்றன என்று டொராண்டோ ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் 2019இல் காட்டியபோதுதான், பத்தாண்டுகளுக்கு முந்தைய அந்தத் தோல்விக்கு நம்பத் தகுந்த ஒரு விளக்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே, நோய் தீவிரமாக உள்ள எம்.எஸ். நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில், குடல் பாக்டீரியாக்களை அடையாளம் காணும் ஐஜிஏ பி செல்கள் கண்டறியப்பட்டன.

டிஹெச்-17 செல் மூளையில் எதிரி, குடலில் காவலன். பி செல் எம்.எஸ். நோயில் எதிரி, அதன் அடுத்த நிலையான ஐஜிஏ பிளாஸ்மா செல் இரு இடத்திலும் நண்பன். இப்படிப்பட்ட களத்தில், ‘இது குடல் நோயெதிர்ப்பைச் சீராக்கும்’ என்று ஒரு பொருளின் உறையில் அச்சிட்டிருப்பதை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. லெனர்செப்டையும் அட்டாசிசெப்டையும் தேர்ந்தெடுத்தவர்கள் தேர்ந்த அறிவியலாளர்கள். ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்ததால்தான் தவறு வெளிப்பட்டது. முதல் அளவுகோலுக்குப் பாதி எடை என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

மருந்து வழி யாருக்கு ஏற்றது? மறுதாக்குதல் வந்திருப்பவர், எம்.ஆர்.ஐ.யில் புதிய புண் தெரிபவர், தண்டுவடத்தில் புண் உள்ளவர் ஆகியோருக்கு இதுவே முதல் வழி என்பது என் தெளிவான கருத்து. கருத்தரிக்கத் திட்டமிடுபவரும் அடிக்கடி தொற்று வருபவரும் எந்த மருந்து, எப்போது என்பதை மருத்துவரோடு விரிவாகப் பேச வேண்டும். மருந்தே வேண்டாம் என்ற முடிவுக்கு அது காரணமாகிவிடக் கூடாது.

வழி 2: நார்ச்சத்தும் உணவு மாற்றமும்

முழுத் தானியம், பருப்பு, காய்கறி, பழம் ஆகியவற்றின் நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருக இவை துணைசெய்கின்றன என்று 2013இல் பல ஆய்வுக் குழுக்கள் சுண்டெலிகளில் காட்டின. ஜெர்மனியின் போஹும் நகர ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு மனிதர்களிடம் நடந்தது. தம் வழக்கமான மருந்தோடு கூடுதலாக நாளைக்கு இருமுறை 500 மில்லிகிராம் புரோப்பியோனிக் அமிலம் எடுத்த எம்.எஸ். நோயாளிகளிடம் இரண்டே வாரத்தில் அந்த டி செல்கள் கூடின. நீண்ட காலம் தொடர்ந்தவர்களிடம் மறுதாக்குதல்களும் குறைந்தன. உள்ளம் மகிழும் செய்திதான். ஆனால் நீண்டகாலப் பகுதியில் மருந்துப்போலிக் குழு இல்லை, எம்.எஸ். மறுதாக்குதல்கள் இயல்பாகவே காலப்போக்கில் குறையக்கூடியவை. பலன் கண்டவர்களே தொடர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. முதல் அளவுகோலில் இதற்குப் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் என்னால் தர முடியவில்லை.

உப்பின் கதையும் இதே பாடத்தைச் சொல்கிறது. மிகுந்த உப்பு டிஹெச்-17 செல்களைத் தூண்டுகிறது என்று 2013இல் வெளியான சுண்டெலி, சோதனைக்குழாய் ஆய்வுகள் காட்டின. எம்.எஸ். நோயின் தொடக்க நிலையில் இருந்த மனிதர்களின் சிறுநீரில் உப்பை அளந்து பின்தொடர்ந்தபோது, நோயின் போக்கோடு அதற்குத் தொடர்பு தென்படவில்லை. உப்பைக் குறைப்பது இரத்த அழுத்தத்துக்கு நல்லது, எம்.எஸ். நோய்க்காகக் குறைப்பதாக எண்ணிக்கொள்ளத் தேவையில்லை.

எனினும் இரண்டாவது, மூன்றாவது அளவுகோல்களில் உணவு வழி மற்ற எல்லாவற்றையும் விஞ்சுகிறது. ஆபத்து குறைவு, வேண்டாமென்றால் நாளைக்கே நிறுத்தலாம், மலச்சிக்கலால் அவதிப்படும் பல எம்.எஸ். நோயாளிகளுக்குப் போதிய தண்ணீரோடு சேரும் நார்ச்சத்து நேரடி ஆறுதல். இரண்டு வெவ்வேறு உணவு முறைகளை ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வில், இரண்டிலுமே நோயாளிகளின் களைப்பு குறைந்தது. களைப்பு எம்.எஸ். நோயில் சிறிய பிரச்சினை அன்று; அது குறைவதே வாழ்க்கையை மாற்றும்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லியாக வேண்டும். திடீரென நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும். வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுவதே முறை. குரோன் நோயால் குடலில் குறுக்கம் ஏற்பட்டிருப்பவர் இதைத் தாமாகச் செய்யவே கூடாது, அடைப்பு ஏற்படலாம். பல உணவுக் குழுக்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்கும் கண்டிப்பான திட்டங்களில் எடை குறைந்து, தசை வலுவிழந்து, குடும்பத்தோடு சேர்ந்து உண்ணும் மகிழ்ச்சியும் போய்விடுகிறது. அந்த இழப்பை எந்த ஆய்வும் அளப்பதில்லை.

மருந்தோடு சேர்த்துச் செய்ய விரும்புபவர் யாருக்கும் இது ஏற்றது. மருந்துக்குப் பதிலாகச் செய்ய விரும்புபவருக்கு இதைப் பரிந்துரைக்க என் மனம் இடம் தரவில்லை.

வழி 3: புரோபயாடிக் மாத்திரைகள்

நல்லவை எனக் கருதப்படும் உயிருள்ள பாக்டீரியாக்கள் அடங்கிய மாத்திரைகள் இவை. இங்கே சொல்ல அதிகம் இல்லை. எம்.எஸ். நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் சில வாரங்களே நீடித்தவை. சிலவற்றில் அழற்சிக் குறிகளும் ஊன அளவீடும் சற்று மேம்பட்டன. மறுதாக்குதலைத் தடுக்கிறதா என்று சொல்லும் அளவுக்கு எந்த ஆய்வும் நீளமில்லை. ஒவ்வொரு பொருளிலும் வெவ்வேறு பாக்டீரியா வகை இருப்பதால், ஒன்றில் கண்ட பலனை இன்னொன்றுக்கு நீட்டவும் முடியாது.

ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு புரோபயாடிக் போட்டுக்கொள்வது நல்லது என்ற நம்பிக்கையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் காட்டியபடி, அவர்கள் சோதித்த புரோபயாடிக் கலவை, குடலின் சொந்த நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்புவதைத் தாமதப்படுத்தியது. நோயெதிர்ப்பைக் கடுமையாக அடக்கும் சிகிச்சையில் இருப்பவர், இரத்தக் குழாயில் நிரந்தரக் குழாய் பொருத்தப்பட்டவர் ஆகியோரிடம் இந்த உயிருள்ள கிருமிகளே இரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. மாதாமாதம் தொடரும் செலவு இது. அதே பணத்தை நல்ல உணவுக்குச் செலவிடுவதே மேல் என்பது என் எண்ணம்.

மலத்தை அனுப்பி நுண்ணுயிர்ப் பட்டியல் பெறும் வணிகப் பரிசோதனைகளையும் இங்கேயே சேர்த்துவிடலாம். எம்.எஸ். நோயாளிகள் 576 பேரையும் அவரவர் வீட்டில் உடன் வசிக்கும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் வேறுபாடுகள் தெரிந்தன. அவை குழுவுக்கும் குழுவுக்கும் இடையிலானவை. தனி ஒருவரின் பட்டியலைப் பார்த்து அவருக்கு எந்தச் சிகிச்சை என்று தீர்மானிக்க அவை உதவுவதில்லை.

வழி 4: குளூட்டனை விலக்குதல்

இந்த வழியில்தான், நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு சிறு தவறு பல ஆண்டுக் குழப்பத்துக்குக் காரணமாகிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சீலியாக் நோயில் கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் குடலின் டி செல்களைத் தூண்டி, உணவை உறிஞ்சும் விரல் போன்ற சிறுகுடல் நீட்சிகளைத் தட்டையாக்குகிறது. மக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இது உண்டு. குளூட்டன் அட்டாக்சியா என்ற நிலையில் இதே எதிர்வினை சிறுமூளையைத் தாக்கி நடையைத் தள்ளாட வைக்கிறது. வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாதவருக்கும் அது வரலாம். நடை தள்ளாட்டம் எம்.எஸ். நோயிலும் வருவதால் இரண்டும் குழம்பக்கூடும். குளூட்டன் அட்டாக்சியா இருந்தால் குளூட்டனை விலக்குவதே உண்மையான சிகிச்சை. அதைச் சீக்கிரம் செய்ய வேண்டும், ஏனெனில் அழிந்த பர்கின்ஜி செல்கள் (சிறுமூளையின் நரம்பு செல்கள்) மீண்டும் வளர்வதில்லை.

அப்படியானால் எல்லாரும் குளூட்டனை விட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். தவறு அங்கேதான். சீலியாக் நோயைக் கண்டுபிடிக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருள் பரிசோதனை, குளூட்டன் உண்டுகொண்டிருக்கும்போது மட்டுமே நம்பத் தகுந்தது. விட்டுவிட்ட பின் எதிர்ப்பொருள் அளவு தாழ்ந்து, குடல் சுவரும் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். பிறகு உறுதிசெய்ய வேண்டுமென்றால் வாரக்கணக்கில் மீண்டும் குளூட்டனை உண்டு, தொல்லையை அனுபவித்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். எனவே முதலில் பரிசோதனை, பிறகு விலக்கல் என்ற வரிசையை மாற்றவே கூடாது. பரிசோதனையோடு மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்: பிறவியிலேயே ஐஜிஏ குறைந்தவர்களிடம் இந்தப் பரிசோதனை, நோய் இருந்தாலும் இல்லை என்று தவறாகச் சொல்லிவிடும்.

பரிசோதனையில் சீலியாக் நோயோ குளூட்டன் அட்டாக்சியாவோ தெரிந்தால், இந்த வழியே முதல் வழி, வாழ்நாள் முழுதும். தெரியாவிட்டால் எம்.எஸ். நோய்க்காக மட்டும் குளூட்டனை விடுவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முழுத் தானியங்களை இழந்து நார்ச்சத்து குறைவதுதான் பலருக்கும் நேர்கிறது. வழி 2 கொடுப்பதை வழி 4 பறித்துக்கொள்கிறது.

வழி 5: மல நுண்ணுயிர் மாற்றம்

நலமாக உள்ளவரின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை நோயாளியின் குடலில் செலுத்தும் முறை இது. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கி, திரும்பத் திரும்ப வரும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் பாக்டீரியாத் தொற்றுக்கு இது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. அதற்கான முதல் தயாரிப்புக்கு அமெரிக்காவில் 2022 நவம்பரில் அனுமதி கிடைத்தது. அந்த வெற்றியே இதை மற்ற நோய்களுக்கும் இழுத்து வந்திருக்கிறது.

எம்.எஸ். நோயில் இதுவரை நடந்தவை கைவிரல் விட்டு எண்ணும் சிறு ஆய்வுகள். பார்க்கின்சன் நோயில் 2024இல் வெளியான இரண்டு கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகளின் முடிவுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்: பெல்ஜியத்தில் 46 பேரிடம் நடந்ததில் ஓராண்டுக்குப் பின் உடலசைவில் லேசான முன்னேற்றம் தெரிந்தது, ஃபின்லாந்தில் நடந்ததில் நோயாளிக்குப் பயன்படும் முன்னேற்றம் எதுவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரியும் குடல்-மூளைத் தொடர்பு, சிகிச்சையாக மாறும்போது இவ்வளவு மங்கிவிடுகிறது.

ஆபத்தோ மங்கலானதில்லை. மருந்துகளுக்கு அடங்காத ஈ-கோலை பாக்டீரியா கொடையாளரின் மலத்தில் இருந்ததால், நோயெதிர்ப்பு குன்றிய இருவருக்குக் கடுந்தொற்று ஏற்பட்டு ஒருவர் இறந்தார் என்று 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. எம்.எஸ். மருந்தெடுப்பவர் பலரும் அந்த ‘நோயெதிர்ப்பு குன்றிய’ வகையைச் சேர்ந்தவர்கள். மூன்றாவது அளவுகோலிலும் இது தோற்கிறது: குடியேறிய அந்நிய நுண்ணுயிர்களைத் திரும்ப எடுக்க வழியில்லை. பதிவுசெய்யப்பட்ட மருத்துவ ஆய்வில், கொடையாளர் முறையாகச் சோதிக்கப்பட்ட இடத்தில், தன் மருந்தை நிறுத்தாமல் பங்கேற்க வாய்ப்பு கிடைப்பவர் யோசிக்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் இடங்களையும் வீட்டுச் செய்முறைகளையும் தவிர்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

குடல் நோயும் எம்.எஸ். நோயும் சேர்ந்திருப்பவருக்கு

இவர்களுக்கு மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தாது. தவறான தேர்வின் விலையும் இவர்களுக்கே அதிகம். குரோன் நோய்க்கோ பெருங்குடல் புண் அழற்சிக்கோ வழக்கமாகத் தொடங்கும் டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் எம்.எஸ். உள்ளவருக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன, எம்.எஸ். இல்லாதவருக்கும் இந்த மருந்துகளின்போது மயலின் சிதைவு புதிதாக வந்ததுண்டு. எனவே இந்த மருந்தில் இருக்கும் குடல் நோயாளிக்குக் கை கால் மரத்துப்போதல், ஒரு கண்ணில் திடீர்ப் பார்வை மங்கல் ஆகியவை தோன்றினால் அடுத்த ஊசிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெடோலிசுமாப் குடலின் விலாசச் சீட்டை மட்டும் தடுப்பதால் மூளைக் காவலைத் தொடுவதில்லை; குடல் நோய்க்கு அதையும் எம்.எஸ். நோய்க்கு வேறொன்றையும் தனித்தனியே வைத்துக்கொள்ள இடமுண்டு, ஆனால் இரண்டு மருந்துகளின் தொற்று ஆபத்தும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். நாட்டலிசுமாப் ஒன்றே இரண்டு நோய்க்கும் உதவக்கூடும். ஜேசி வைரஸ் எதிர்ப்பொருள் இல்லாதவருக்கு அது ஆழ்ந்து யோசிக்கத் தக்க தேர்வு. ஒக்ரெலிசுமாப் எடுக்கும்போது குடல் அறிகுறிகள் கூடினால், பழைய நோய் கிளம்பியதா, மருந்து உண்டாக்கிய அழற்சியா என்று பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை இல்லாமல் பிரித்தறிவது கடினம். உஸ்டெகினுமாப் எம்.எஸ். நோய்க்கு உதவவில்லை என்றாலும், அந்த ஆய்வில் நோயைக் கூட்டவும் இல்லை. அதனால் குடல் நோய்க்கென அதைத் தேர்வதை எம்.எஸ். தடுப்பதில்லை.

இவர்களுடைய மருந்துச் சீட்டை இரண்டு துறை மருத்துவர்கள் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போவதே நடைமுறையில் பெரிய ஆபத்து. இப்போது எடுக்கும் மருந்துகள், முன்பு எடுத்து நிறுத்திய மருந்துகள், ஒவ்வொன்றையும் நிறுத்திய தேதி, ஜேசி வைரஸ் எதிர்ப்பொருள் முடிவு, கடைசி எம்.ஆர்.ஐ.யின் தேதி, சாப்பிடும் புரோபயாடிக், உணவுத் துணைப்பொருள்கள் ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, இரு மருத்துவரின் மேசையிலும் ஒவ்வொரு முறையும் வையுங்கள். புதிய மருந்தை எழுதுமுன் மற்றவரோடு ஒரு முறை பேசிவிடும்படி இருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.